தமக்காகவா, தம்பிக்காகவா?



கார்த்திகை மாதத்தில் திருச்சானூருக்கு வந்தவர்கள் அவ்வூரின் நெருக்கத்தை அறிவார்கள். பத்மாவதித் தாயாரின் பிரமோற்சவம் நிறைவுறும் பஞ்சமி நாளன்று, திருமலையிலிருந்து பட்டும் மஞ்சளும் சீராக வந்து சேரும். பத்ம சரோவரத்தின் படிகளில் கால் வைக்க இடமிராது. திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவே உள்ள அச்சிற்றூரின் தெருக்களில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒலிக்கும். நாக்பூரிலும் புனேயிலும் கொல்கத்தாவிலும் குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஊர் திரும்பி, உறவினர் வீடுகளில் இரண்டு நாள் தங்குவதும் அப்போதுதான்.

அத்தகைய ஒரு நாளில் நம் அடுத்த வீட்டுப் பெரியவர், மடித்த தாள் ஒன்றைக் கையில் பிடித்தவாறு நம் திண்ணைக்கு வந்தார். அவர் பின்னால் ஓர் இளைஞர் நின்றார். “வாத்தியார் ஐயா, இதில் நான் எழுதியது என்ன? இந்தப் பிள்ளை படித்தது என்ன? இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார் பெரியவர். பல ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த குற்றத்திற்காக இத்தகைய வழக்குகள் நம்மிடம் வருவது வழக்கமே. விண்ணப்பம், திருமண அழைப்பு, வங்கிக்கு எழுதும் கடிதம் என்று ஏதேனும் ஒன்று வரும். அன்று வந்தது, இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்திக்கொள்ளக் காரணமாயிருந்த ஒரு கடிதம்.

செய்தி இதுதான். அந்த இளைஞருடைய பாட்டனார் திருச்சானூரில் பிறந்து, இரயில்வே வேலையாக நாக்பூர் சென்று அங்கேயே நிலைத்தவர். அவருடைய தம்பி ஊரிலேயே இருந்தார். முதுமையில் ஊர் திரும்பி ஒரு மனை வாங்கிக் குடியிருக்கவேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதற்காகச் சிறுகச் சிறுகத் தம்பிக்குப் பணம் அனுப்பி வந்தார். மனை வாங்குமுன்பே அண்ணனும் காலமானார். சில ஆண்டுகளில் தம்பியும் மறைந்தார். நாக்பூரில் வளர்ந்த பேரன், அந்தப் பணத்தைப் பற்றி ஊரில் விவரம் அறிந்த ஒருவரிடம் கேட்க எண்ணி, நம் பெரியவருக்கு எழுதினார். பெரியவர் அந்த அண்ணன் தம்பிக்குச் சகோதரி மகன். இளைஞருக்கு மாமா முறை. இளைஞருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வாராது. ஆதலால் பெரியவர் ஆங்கிலத்திலேயே விடை எழுதினார். அதில் ஒரு வாக்கியம்: ‘யுவர் கிராண்ட்ஃபாதர் டோல்ட் ஹிஸ் பிரதர் டு கீப் தி மனி ஃபார் ஹிம்செல்ஃப்.’

பெரியவர் நெஞ்சில் இருந்த தமிழ் வாக்கியம் இது: ‘உன் தாத்தா தம் தம்பியிடம் பணத்தைத் தமக்காக வைத்திருக்கும்படி சொன்னார்.’ பணம் தாத்தாவுடையது, வந்து வாங்கிக்கொள் என்பதே அவர் கருத்து. நாக்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பேரனோ, ‘நீயே வைத்துக்கொள் என்று தாத்தா தம்பியிடம் சொல்லிவிட்டார்’ என்று பொருள் கொண்டார். ஆங்கிலப்படி அவர் கொண்ட பொருளே சரி. கொடுத்ததைக் கேட்பது முறையன்று என்று அவர் வாளாவிருந்தார். பெற்றோருக்கும் பிறருக்கும் இல்லாத பணத்தைத் தாத்தா தம்பிக்குக் கொடுத்துவிட்டாரே என்ற மனத்தாங்கல் மட்டும் உள்ளே நின்றது. ஊரில் இருந்த சின்னப் பாட்டியோ, ‘கடிதம் போய் இரண்டு ஆண்டாயிற்று, பணத்தை வாங்கிப்போக ஒருவரும் வரவில்லையே, நம் வாசலை மிதிப்பதே அவர்களுக்கு இழிவாகிவிட்டதோ’ என்று வருந்திக்கொண்டிருந்தார். வஞ்சகர் எவரும் இல்லாத வழக்கு. பிழை, ‘ஃபார்’ என்ற முன்னிடைச்சொல்லின் பின்னால் நின்ற ஒரு சொல்லில் இருந்தது.

அந்தச் சொல்லைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகிறோம். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஆங்கிலம் அலுவலக மொழி மட்டும் அன்று. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பச் செய்தியைச் சொல்லும் மொழியாகவும் அது ஆகிவிட்டது. ஆகவே அதன் வழக்குகளில் சிலவற்றைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

தமிழில் ‘தான்’, ‘தாம்’ என்பவை தற்சுட்டுப் பெயர்கள். வேற்றுமை உருபு ஏற்கும்போது முதல் எழுத்துக் குறுகித் ‘தன்’, ‘தம்’ என நிற்கும் என்பதை நன்னூல் கற்ற எவரும் அறிவர். 1856-ஆம் ஆண்டு வெளிவந்த கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம், இச்சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று, திராவிடக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான சொத்து என்று எடுத்துக் காட்டிற்று. திருச்சானூர்த் தெருவில் நின்றால் இதற்கு நூற்சான்று வேண்டுவதில்லை. நாம் ‘தான்’ என்பதைத் தெலுங்கர் ‘தானு’ என்பர். நம்முடைய தந்தை அங்கே தண்ட்ரி. நம் தம்பி அங்கே தம்முடு. தந்தை, தம்பி, தங்கை, தமையன், தமக்கை என்னும் உறவுப் பெயர்களிலெல்லாம் இந்தத் ‘தன்’, ‘தம்’ ஒளிந்திருப்பதை இலக்கண ஆசிரியர் பிரித்துக் காட்டுவர். என் தந்தையை ‘எந்தை’ என்றும், நின் தந்தையை ‘நுந்தை’ என்றும் பண்டைத் தமிழர் வழங்கினர். எந்தையும் நுந்தையும் வழக்கொழிய, தந்தை மட்டும் எல்லார்க்கும் பொதுவாக நின்றுவிட்டது. உறவையும் உடைமையையும் இந்தச் சிறு சொல்லைக் கொண்டே அளந்துவந்தவர்கள் நாம்.

அத்தகைய நாம் ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘தன்’ வரும் இடமெல்லாம் ‘செல்ஃப்’ வரவேண்டும் என்று கருதிவிடுகிறோம். அங்கேதான் கால் இடறுகிறது.

ஆங்கிலத்துத் தற்சுட்டு, குட்டைக் கயிற்றில் கட்டிய கன்று போன்றது. எந்த வினையோடு அது சேர்ந்து நிற்கிறதோ, அந்த வினையைச் செய்பவன் என்னும் முளையைச் சுற்றியே அது மேயும். அடுத்த தோட்டத்திற்குப் போகாது. தமிழ்த் ‘தான்’ நீண்ட கயிறு உடையது. வாக்கியத்துக்குள் வாக்கியம் இருந்தாலும், உள்வாக்கியத்தைத் தாண்டி, முழுப் பேச்சுக்கும் தலைவராக நிற்பவரைச் சென்று பற்றும். ‘கண்ணன், முருகன் தன்னைப் பற்றிப் பேசியதாக நினைத்தான்’ என்றால், பேசப்பட்டவன் கண்ணன் என்றே நாம் முதலில் கொள்வோம். இதனை ஆங்கிலத்தில் ‘அபௌட் ஹிம்செல்ஃப்’ என்று எழுதினால், முருகன் தன் பெருமையையே பேசிக்கொண்டான் என்று ஆகிவிடும். கண்ணனைக் குறிக்க ‘அபௌட் ஹிம்’ என்றுதான் எழுதவேண்டும். நம் செவிக்கு ‘ஹிம்’ என்பது வேறு யாரோ ஒருவனைக் குறிப்பது போலத் தோன்றும். அந்த ஐயத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பெண்கள் நன்கு அறிந்த ஓர் உதாரணம் சொல்வோம். தாய் மகளிடம் சேலை வாங்கச் சொல்கிறாள். ‘தி மதர் ஆஸ்க்ட் ஹெர் டாட்டர் டு பை எ சாரி ஃபார் ஹெர்செல்ஃப்’ என்றால், உடுத்தப்போகிறவள் மகள். கடைசிச் சொல்லை ‘ஃபார் ஹெர்’ என்று மாற்றினால், சேலை தாய்க்கு. வாங்குகிறவள் மகள், ‘பை’ என்ற வினைக்கு அவளே எழுவாய், ஆகவே ‘செல்ஃப்’ அவளைத்தான் சுட்டும். தாய் எவ்வளவு மூத்தவளாயினும், வீட்டுக்குத் தலைவியாயினும், அந்தச் சிறு கயிறு அவ்வளவு தூரம் எட்டாது.

இப்போது கடிதத்தை மீண்டும் பாருங்கள். ‘டு கீப்’ என்பது வினை. வைப்பவர் யார்? தம்பி. அதன் அருகில் நிற்கும் ‘ஹிம்செல்ஃப்’ யாரைச் சுட்டும்? தம்பியையே சுட்டும். தாத்தாவைச் சுட்ட வேண்டுமானால் ‘ஃபார் ஹிம்’ என்று இருந்திருக்க வேண்டும். ‘செல்ஃப்’ என்ற ஒரு வால், பணத்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிட்டது.

“அப்படியானால் தமிழிலும் இந்தக் குழப்பம் இருக்கத்தானே வேண்டும்? ‘தமக்காக’ என்றால் தாத்தாவும் பெரியவர், தம்பியும் எனக்குப் பெரியவர், இருவருக்கும் ‘தாம்’ பொருந்துமே” என்று பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. தமிழில் ஐயம் சிறிதும் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் தமிழ், அந்த ஐயத்தைத் தீர்க்கும் சாவியைப் பெயரில் வைக்காமல் வினையில் வைத்திருக்கிறது. ‘வைத்திருக்கும்படி சொன்னார்’ என்றால், பிறர் பொருளைக் காத்திருத்தல். ‘வைத்துக்கொள்ளும்படி சொன்னார்’ என்றால், தனதாக ஏற்றல். ‘கொள்’ என்ற துணைவினை ஒன்று வந்து சேர்ந்ததும், செயலின் பயன் செய்பவனிடமே திரும்பி வந்துவிடுகிறது. தெலுங்கிலும் அப்படியே. ‘பெட்டமன்னாரு’ என்பது ஒன்று, ‘பெட்டுகோமன்னாரு’ என்பது வேறொன்று என்பதைத் திருச்சானூரில் காய்கறி விற்கும் அம்மாளும் அறிவார்.

இந்தக் ‘கொள்’ செய்யும் தொண்டை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. தலையை வாரினாள் என்றால் எவர் தலையையோ வாரினாள். வாரிக்கொண்டாள் என்றால் தன் தலையை. விரலை வெட்டிக்கொண்டான், வேட்டியை உடுத்திக்கொண்டான், கற்றுக்கொண்டான், திருமணம் செய்துகொண்டான் என்று நாள்தோறும் நூறு முறை சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ஈடான துணைவினை கிடையாது. ‘கீப்’ என்ற ஒரே வினை வைத்திருத்தலுக்கும் வைத்துக்கொள்ளுதலுக்கும் பொதுவாக வருகிறது. ஆகவே வேற்றுமையைக் காட்டும் பாரம் முழுதும், வினையை விட்டு, முன்னிடைச்சொல்லுக்குப் பின் நிற்கும் பெயரின் தலையில் ஏறுகிறது. நம் பெரியவர் தமிழில் சரியாகவே சிந்தித்தார். ‘கொள்’ இல்லாத வினையைத்தான் நெஞ்சில் கொண்டிருந்தார். ஆனால் அவர் எழுதிய ஆங்கிலத்தில் அந்த நுட்பத்தைத் தாங்க வினையில் இடமில்லை. அதைத் தாங்கவேண்டிய பெயரில், தமிழ்த் ‘தமக்காக’ என்பதை அப்படியே பெயர்த்து வைத்துவிட்டார்.

இனி, எழுவாயும் முன்னிடைச்சொல்லின் பின் நிற்பவரும் ஒருவரே ஆகி, வினையும் ஒன்றே ஆனால், எப்போதும் ‘செல்ஃப்’ போடலாமா என்றால், அதுவும் இல்லை. இங்கே ஆங்கிலம் நம்மை மீண்டும் ஏமாற்றும்.

‘அவன் தன்னுடன் குடையை எடுத்துச் சென்றான்’ என்பதை ஆங்கிலேயர் ‘ஹீ டுக் தி அம்ப்ரெல்லா வித் ஹிம்’ என்பர். ‘வித் ஹிம்செல்ஃப்’ என்பதில்லை. ‘ஷீ லுக்ட் பிஹைண்ட் ஹெர்’ என்றால் அவள் தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ‘ஹேவ் யூ எனி மனி ஆன் யூ?’ என்றால் உன் கையில் பணம் இருக்கிறதா என்று கேட்பது. ‘ஷட் தி டோர் பிஹைண்ட் யூ’ என்பதை எந்த அலுவலகக் கதவிலும் கேட்கலாம். முன், பின், அருகில், சுற்றி, உடன் என்று இடத்தை மட்டும் குறிக்கும் முன்னிடைச்சொற்களுக்குப் பின்னால், ‘செல்ஃப்’ இல்லாத வெறும் பெயரே பெரும்பாலும் வரும். கம்பளியைத் தன்னைச் சுற்றிப் போர்த்தினான் என்பது போன்ற சில இடங்களில் இரண்டும் வழங்கும். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இதற்குக் காரணம் ஆங்கிலத்தின் பழமையில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலத்தில் தற்சுட்டுக்கென்று தனிப் பெயரே இல்லை. ‘அவன் அவனைக் கழுவினான்’ என்றே சொல்லித் தன்னைக் கழுவியதாகப் பொருள் கொண்டார்கள். ‘செல்ஃப்’ என்பது அக்காலத்தில், ‘அவனேதான்’ என்று அழுத்திச் சொல்லும்போது மட்டும் ஒட்டிக்கொண்ட சொல். நாளடைவில் அந்த அழுத்தச் சொல்லே தற்சுட்டாகக் கெட்டிப்பட்டது. இடம் குறிக்கும் தொடர்களிலோ பழைய வழக்கமே தங்கிவிட்டது. புது வீடு கட்டியபோதும் பழைய வீட்டுத் தூண் இரண்டை விட்டுவைத்தாற்போல.

வினையோடு நெருங்கிப் பிணைந்த முன்னிடைச்சொல்லாயின் கதை வேறு. ஒருவன் தன்னிடமே பேசிக்கொள்கிறான், தன்னையே நம்புகிறான், தன்னையே கண்ணாடியில் பார்க்கிறான்; இங்கே ‘டாக்ஸ் டு ஹிம்செல்ஃப்’, ‘பிலீவ்ஸ் இன் ஹிம்செல்ஃப்’, ‘லுக்ஸ் அட் ஹிம்செல்ஃப்’ என்றே வரவேண்டும். ‘லுக்ஸ் அட் ஹிம்’ என்றால் எதிரே வேறொருவன் நிற்கிறான். தமிழில் ‘எனக்கு நானே’, ‘தன்னைத் தானே’ என்று இரட்டித்துச் சொல்லத் தோன்றும் இடங்கள் பெரும்பாலும் இவை. அந்த இரட்டிப்பு நாவில் வருகிறதா என்று சொல்லிப் பார்ப்பது, பள்ளியில் நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்த எளிய உபாயம். ‘தன்னைத் தானே பார்த்தான்’ வரும். ‘தன்னோடு தானே குடையை எடுத்துச் சென்றான்’ என்று ஒருவரும் சொல்லார். எல்லா இடத்துக்கும் இவ்வுபாயம் பொருந்தாது. பத்தில் எட்டு இடத்துக்குப் பொருந்தும்.

ஒரு சில தொடர்களில் இரு வடிவமும் வந்து பொருள் முற்றிலும் மாறும். ‘பிசைட் ஹிம்’ என்றால் அவன் அருகில். ‘பிசைட் ஹிம்செல்ஃப்’ என்றால் கோபத்தாலோ துயரத்தாலோ தன்னிலை இழந்து நிற்றல். ‘பை ஹிம்’ என்றால் அவனால். ‘பை ஹிம்செல்ஃப்’ என்றால் துணையின்றித் தனியாக. வடநாட்டில் ஒருவர் தம் தாயாரைப் பற்றி விடுதிக்கு எழுதும்போது, ‘ஷீ வில் கம் பை ஹெர்செல்ஃப்’ என்று எழுதினால், கிழவியார் தனியே வருகிறார், நிலையத்துக்கு ஆள் அனுப்புங்கள் என்று பொருள்படும். இது பயனுள்ள வாக்கியம்.

பாகப்பிரிவினைத் தாள்களை ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இன்னொன்று. மூன்று சகோதரர்கள் நிலத்தை ‘அமங் தெம்செல்வ்ஸ்’ பிரித்தார்கள் என்றால், பிரித்தவரும் பெற்றவரும் அம்மூவரே. தந்தை நிலத்தை ‘அமங் தெம்’ பிரித்தார் என்றால், பிரித்தவர் தந்தை, பெற்றவர் மக்கள். முதல் வாக்கியத்தில் ‘அமங் தெம்’ என்று எழுதிவிட்டால், வேறு யாரோ சிலருக்கு நிலம் போயிற்று என்று வாதாட ஒரு வழக்கறிஞருக்கு வழி திறந்துவிடுகிறோம்.

வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகளிடம் வேறொரு கலப்பையும் காண்கிறோம். இந்தியில் ‘அப்னா’ என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் பொது. நான் போனாலும் நீ போனாலும் அவன் போனாலும் எழுவாய்க்கு உரியது ‘அப்னா’தான். தமிழில் ‘தன்’ படர்க்கையோடு நின்றுவிடும். தன்மைக்கு ‘என்’, முன்னிலைக்கு ‘உன்’ வரும். இந்தி வழங்கும் ஊர்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர், ‘நான் தன் புத்தகத்தை எடுத்தேன்’ என்று சொல்வதை நம் செவியாலேயே கேட்டிருக்கிறோம். ‘அப்னே சாத்’ என்பதை மனத்தில் வைத்து, ‘வித் ஹிம்செல்ஃப்’ என்று ஆங்கிலம் எழுதுவதும் அவ்வழியே வருவது. ஆகவே குடையின் பிழைக்குத் தமிழைக் குறைகூற வேண்டியதில்லை. நாக்பூரிலும் டெல்லியிலும் அது எல்லாரும் செய்யும் பிழை.

நம்மவர்க்கே உரிய பிழை ஒன்று உண்டு. அதற்குக் காரணம் நம் பண்பாடு என்றே நினைக்கிறோம். ‘ஐ ரெக்வெஸ்ட் யுவர்செல்ஃப்’, ‘ஃப்ரம் மைசெல்ஃப் அண்ட் ஃபேமிலி’, ‘கைண்ட்லி ரிப்ளை டு மைசெல்ஃப்’ என்று எழுதுவார்கள். ‘யூ’ என்று வெறுமையாக எழுதினால், மேலதிகாரியை ‘நீ’ என்று அழைத்தது போல அவர்களுக்குக் கூசுகிறது. தமிழில் பெரியோரை நாம் ‘தாங்கள்’ என்கிறோம். தெலுங்கர் ‘தமரு’ என்கிறார்கள். ‘தாங்கள்’ என்பது என்ன? ‘தாம்’ என்ற தற்சுட்டு, மரியாதைச் சொல்லாகிப் பன்மை விகுதியும் ஏற்று நிற்பது. தற்சுட்டை மரியாதையாகப் போற்றி வளர்ந்த நமக்கு, ‘யுவர்செல்ஃப்’ என்பது ‘தாங்கள்’ போல இனிக்கிறது. ஆங்கிலேயரிலும் பலர் இந்த ஆடம்பரத்தை விரும்புகின்றனர். அயர்லாந்தில் வீட்டுத் தலைவரை ‘ஹிம்செல்ஃப்’ என்றே குறிப்பிடும் வழக்கமும் உண்டு. ஆயினும் அலுவலகக் கடிதத்தில் ‘டு மீ’, ‘ஃப்ரம் யூ’ என்பவையே நேரானவை. ஆங்கிலத்தில் ‘யூ’ யாரையும் ‘நீ’ என்று சொல்வதில்லை, ‘தாங்கள்’ என்றும் சொல்வதில்லை. மரியாதையை அது ‘ப்ளீஸ்’ என்றும் ‘வுட்’ என்றும் வேறிடத்தில் வைத்திருக்கிறது.

‘பிட்வீன் யூ அண்ட் மைசெல்ஃப்’ என்பதும் இவ்வகையே. ‘மீ’ என்பதை எழுத அஞ்சி, சிலர் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்கின்றனர். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகனிலும் ஒரு கடிதத்தில் ‘மீ’ நிற்கவேண்டிய இடத்தில் ‘ஐ’ நிற்கிறது. அதுவும் கடன் பற்றிய கடிதமே. ஆனால் ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்த மன்னிப்பு நம் விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதே வழி. ‘லைக் மைசெல்ஃப்’, ‘எக்ஸெப்ட் மைசெல்ஃப்’, ‘ஆஸ் ஃபார் மைசெல்ஃப்’ போன்ற சில தொடர்களை மட்டும் நல்ல எழுத்தாளரும் ஆள்வர்.

இவ்வளவையும் அன்று திண்ணையில் நாம் சொல்லவில்லை. கன்றும் கயிறும் மட்டுமே சொன்னோம். இளைஞர் விரைவாகப் பிடித்துக்கொண்டார். பெரியவர் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “வங்கிக்கும் வருவாய்த் துறைக்கும் எத்தனை பேருக்கு எத்தனை கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஐயா!” என்றார். அவர் கவலை நமக்கும் தொற்றிக்கொண்டது. நம்மிடம் படித்த பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இதை நாம் சொல்லாமல் விட்டோமோ! அந்நாளில் பாடப் புத்தகத்தில் ‘மைசெல்ஃப், யுவர்செல்ஃப்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை மனப்பாடம் செய்வித்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

திருத்தமான வாக்கியத்தை எழுதித் தருமாறு பெரியவர் கேட்டார். ‘ஹிம்செல்ஃப்’ என்பதை ‘ஹிம்’ என்று மாற்றினால் இலக்கணம் சரியாகும். ஆனால் ‘கீப்’ இன்னும் சிறிது வழுக்கும். மூன்றாம் ஆள் ஒருவரையும் ‘ஹிம்’ குறிக்கலாம். ஆகையால், ‘யுவர் கிராண்ட்ஃபாதர் ஆஸ்க்ட் ஹிஸ் பிரதர் டு லுக் ஆஃப்டர் தி மனி ஃபார் ஹிம், இட் இஸ் யுவர் கிராண்ட்ஃபாதர்ஸ் மனி’ என்று எழுதினோம். அழகான ஆங்கிலம் என்று அதைச் சொல்ல மாட்டோம். பணத்தைப் பற்றி எழுதும்போது அழகைவிடப் பெயரை இருமுறை சொல்வதே மேல்.

மாலையில் மூவரும் சின்னப் பாட்டியின் வீட்டுக்குப் போனோம். பாட்டியார் உள்ளே சென்று, அட்டை பிய்ந்த நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து பேரன் கையில் கொடுத்தார். தமிழில் வரி வரியாகத் தேதியும் தொகையும் இருந்தன. முதல் பக்கத்தின் தலைப்பு ‘அண்ணன் பணம்’. பேரனுக்கு அதைப் படிக்க வரவில்லை. பெரியவர் படித்துக் காட்டினார். கடைசி வரியில், வங்கியில் போட்ட தேதி பாட்டியின் கையெழுத்தில் இருந்தது. கணவர் மறைந்த பின்பும் கணக்கை அவர் நிறுத்தவில்லை.

இளைஞர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “இப்போதே கொண்டு போகிறாயா கண்ணு, இங்கேயே இருக்கட்டுமா?” என்று பாட்டி கேட்டார்.

“நான் அப்பாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன். அதுவரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பாட்டி” என்றார் இளைஞர்.

பெரியவர் திடுக்கிட்டு எழுந்தார். “வைத்திருங்கள் என்று சொல்லப்பா, வைத்திருங்கள்!”